இலைகளை ஊதிப் பார்க்கிறவள்

எங்கள் பூச்சி வீட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் திட்டிக்கொண்டேதான் வெளியே போவார்கள். திட்டு வாங்குவது என் வேலை, ஏனென்றால் வாசலில் டிக்கெட் கிழிக்கிறவள் நான். "உள்ள ஒரு மண்ணும் இல்ல. கண்ணாடிப் பெட்டியில காஞ்ச குச்சிய நட்டு வெச்சு ஊரை ஏமாத்துறீங்க" என்பார்கள். நானும் சும்மா விடமாட்டேன். "அந்தக் குச்சி உங்கள இவ்வளவு நேரம் பாத்துட்டுதான் இருந்துச்சு, நீங்கதான் அதப் பாக்கல" என்பேன். விலங்குக் காட்சிச்சாலை முழுக்க எனக்கு மைக் என்று பெயர். மைக் இல்லாமலே என் குரல் யானைக் கொட்டகை வரைக்கும் போகும் என்பதால் வந்த பெயர். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

மற்ற இடங்களில் மிருகம் தன் முகத்தைக் காட்டும். சிங்கம் குறட்டை விட்டாலும் சிங்கம் என்று தெரிந்துவிடும். எங்களிடம் அப்படிக் கிடையாது. குச்சி மாதிரி ஒரு பூச்சி, கொய்யா இலை மாதிரி ஒரு பூச்சி, தண்டில் முள் முளைத்த மாதிரி வரிசையாக உட்கார்ந்திருக்கும் பூச்சிகள், சிறகை மூடினால் நரம்பும் பொத்தலுமாக அப்படியே சருகாகிவிடும் வண்ணத்துப்பூச்சி, காக்கை எச்சம் என்று முகம் சுளித்தால் மெல்ல நகர்ந்து போகும் புழு, கூழாங்கல் என்று நினைத்த நேரத்தில் கண்ணைச் சிமிட்டும் தவளை. கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்று சொல்வார்களே, எங்கள் வீட்டில் இரண்டையும் ஒரே நேரத்தில் காணலாம். பொறுமை இருக்க வேண்டும், அவ்வளவுதான். பொறுமை இல்லாதவர்கள் என்னிடம் வந்து சண்டை போடுவார்கள். எனக்கும் பொறுமை இல்லாததால் சண்டை நன்றாகவே நடக்கும்.

உள்ளே இதையெல்லாம் வளர்க்கிறவள் குச்சியக்கா. ஒல்லி, உயரம், பழுப்பு நிறச் சீருடை. போதாததற்குப் பெட்டிகளுக்கு நடுவே அசையாமல் நிற்கிற பழக்கம் வேறு. பெயர் தானாக ஒட்டிக்கொண்டது. ஒருமுறை ஒரு பெரிய மனிதர் அவளுக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டு, "இங்க கேக்கறதுக்கு ஆளே இல்லையா?" என்று கத்தினார். "இருக்கேங்க" என்று பக்கத்திலிருந்து குரல் வந்ததும் மனிதர் துள்ளிக் குதித்ததில் தொப்பி கழன்று விழுந்தது. நான் ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. "பாவம், பயந்துட்டாரு" என்றாள். இருக்கிற இடம் தெரியாமல் இருப்பதை நல்ல குணம் என்று சின்ன வயதிலேயே யாரோ அவளுக்குச் சொல்லித் தொலைத்திருக்கிறார்கள்.

அவளுடைய கதை ஒன்றும் பெரிய கதை இல்லை. கூடப் பிறந்த அக்கா இறந்துபோனபோது ஒரு பெண் குழந்தையும் கைக்குழந்தையாக ஒரு பையனும் இருந்தார்கள். "கொஞ்ச நாள் வந்து இருந்து பிள்ளைங்களப் பாத்துக்கோ" என்று எல்லோருமாகச் சொன்னார்கள். ஒரு பெட்டியோடு போனாள். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. நடுவில் இவளைப் பெண் கேட்டு வந்தவர்களிடம், "பிள்ளைங்க கொஞ்சம் வளரட்டும்" என்றார்கள். பிள்ளைகள் வளர்ந்தார்கள். கேட்டவர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அத்தான் நல்ல மனிதர்தான், அதில் சந்தேகமில்லை. அவளைத் தப்பாக ஒரு பார்வை பார்த்ததில்லை. சொல்லப்போனால் பார்த்ததே இல்லை.

பையன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, பகலில் சும்மா இருக்கிற நேரத்துக்கு என்று எங்கள் பூச்சி வீட்டில் கூட்டிப் பெருக்க வந்தாள். பெருக்குமாற்றுக்கு முன்னால் விதை மாதிரி கிடந்ததைக் குனிந்து பார்த்து, "இது விதையில்ல, முட்டை" என்று சொன்னாளாம். அன்றிலிருந்து பூச்சிகள் அவள் பொறுப்பாகிவிட்டன. எச்சத்தையும் முட்டையையும் சல்லடையில் போட்டுப் பிரிப்பாள். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். எனக்குக் கடைசிவரை வித்தியாசம் பிடிபடவில்லை, பிடிபட வேண்டும் என்ற ஆசையும் இல்லை.

இலைப்பூச்சிப் பெட்டிதான் அவளுக்கு உயிர். அதில் பெரிய பெண் பூச்சிக்கு மகாராணி என்று பெயர். உள்ளங்கை நீளம். ஓரம் கொஞ்சம் காய்ந்து பழுத்த இலை எப்படியிருக்குமோ அப்படியே இருக்கும். பெட்டிக்குள் வைக்கிற கொய்யாக் கிளைகள் வாடியதும் மாற்ற வேண்டும். வாடிய கிளைகளை எங்கள் இடத்தில் வீணாக்குவதில்லை. தள்ளுவண்டியில் மான் கொட்டகைக்குப் போய்விடும். மானுக்குக் கொய்யா இலை என்றால் கொள்ளை ஆசை. அதனால் அக்கா ஒரு சட்டம் வைத்திருந்தாள். பெட்டியில் எத்தனை பூச்சி உண்டோ அத்தனையும் கண்ணில் பட்ட பிறகுதான் பழைய கிளை வெளியே வரும். கண்ணில் பட்டாலும் நம்பமாட்டாள். ஒவ்வொரு கிளையையும் முகத்துக்கு நேரே பிடித்து மெல்ல ஊதுவாள். நிஜ இலை, ஊதியதும் துடித்துவிட்டு நின்றுவிடும். பூச்சி நிற்காது. காற்றில் ஆடுகிற இலையாக நடித்துக்கொண்டு, காற்று நின்ற பிறகும் ஆடிக்கொண்டிருக்கும்.

"நடிப்பு கொஞ்சம் ஜாஸ்தியாப் போயிடும் மைக். அதுலதான் மாட்டிக்கும்" என்பாள்.

இன்னொன்றும் சொன்னாள். பெட்டியில் கூட்டம் அதிகமாகி இலை குறைந்துவிட்டால், பக்கத்தில் இருக்கிற பூச்சியை இலை என்று நினைத்து இன்னொரு பூச்சி ஓரத்தைக் கொறிக்க ஆரம்பித்துவிடுமாம். கொறிபடுகிற பூச்சி நகராதாம். நகர்ந்தால் பூச்சி என்று தெரிந்துவிடுமே.

"ஐயோ, வலிக்காதா?"

"வலிக்காமயா இருக்கும்? இருந்தாலும் அதுக்குத் தெரிஞ்ச ஒரே வழி அதுதானே" என்றாள். நீங்கள் இப்போது என்ன நினைக்கிறீர்களோ அதைத்தான் நானும் அப்போது நினைத்தேன். எனக்கு வாய் நீளமே தவிர, அன்று அதை அவளிடம் சொல்லத் துணிவு வரவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். இறந்துபோன அந்த அக்காவின் மகள் பெரியவளாகி, கல்யாணமாகி, கணவனோடு அந்த வீட்டிலேயே இருந்தாள். அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. விடுமுறை முடிந்து அவள் வேலைக்குத் திரும்ப வேண்டிய நேரம் வந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் பேச்சு நடந்தது. "சித்தி வேலைய விட்டுருவா, அப்புறம் என்ன கவலை" என்றாள் மகள். "ஆமா, அதான் சரி" என்றார் அத்தான். மருமகன் தலையாட்டினான். சித்தி அவர்களுக்குப் பரிமாறிக்கொண்டிருந்தாள். அவளிடம் யாரும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய விஷயம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அதே வாரம் எங்கள் சூப்பர்வைசர் அவளைக் கூப்பிட்டார். பூச்சி வீட்டுக்குப் பின்னால் ஊழியர் குடியிருப்பில் ஓர் அறை காலியாகியிருந்தது. ஒரே அறை, ஒரு குளியலறை, இரண்டு ஜன்னல். பெட்டிகளின் சூடு குறையாமல் பார்த்துக்கொள்ள ஆள் பக்கத்திலேயே இருந்தால் நல்லது என்பது அவர் கணக்கு. "உனக்கு வேணும்னா எடுத்துக்கோம்மா. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சொல்லிடு. கிளிக்கூண்டுக்காரர் உயிர வாங்குறாரு, வேணாம்னா அவருக்குக் குடுத்துடுவேன்."

இரண்டையும் அக்கா ஒரே மூச்சில் என்னிடம் சொல்லிவிட்டுச் சல்லடையை ஆட்ட ஆரம்பித்தாள்.

"அக்கா, இப்பவே போய் சரின்னு சொல்லுங்க."

"பாக்கலாம்."

"வீட்டுல வேலைய விட முடியாதுன்னு சொல்லுங்க."

"பாக்கலாம்."

"என்னத்தப் பாக்குறது? ரெண்டுல ஒண்ணுதான் நடக்கும். அறைக்கு வரணும், இல்லன்னா வேலையும் போய் அந்த வீட்டுலயே கெடக்கணும்."

"அசையாம இருந்தா எல்லாம் தானா சரியாயிடும் மைக். எவ்வளவோ சரியாயிருக்கு."

"எது சரியாச்சு? ஒண்ணு சொல்லுங்க, போதும்."

யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். சல்லடை கையில் அப்படியே நின்றது. அப்புறம் மறுபடி ஆட்டத் தொடங்கினாள். எனக்கு வந்த கோபத்தில் அன்று வந்த கூட்டத்தின் டிக்கெட்டையெல்லாம் தேவைக்கு மேலேயே கிழித்தேன்.

செவ்வாய் போனது, புதன் போனது. வியாழக்கிழமை கிளிக்கூண்டுக்காரர் அறையின் ஜன்னலுக்குத் திரைத்துணி அளவெடுத்துக்கொண்டிருந்ததை நானே கண்ணால் பார்த்தேன். ஓடி வந்து அக்காவிடம் சொன்னேன். அவள் சல்லடையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே அவளுடைய கைப்பேசி அலறிக்கொண்டிருந்தது. குழந்தையின் துண்டு எங்கே, துணி காயப்போடும் கவ்வி எங்கே, இன்றைக்குச் சீக்கிரம் வர முடியுமா, மேலதிகாரியிடம் வேலையை விடுவதாகச் சொல்லியாகிவிட்டதா. அக்கா காதுக்கும் தோளுக்கும் நடுவே கைப்பேசியை இடுக்கிக்கொண்டு, "ம்... இரண்டாவது தட்டுல... ம்... சொல்றேன்... இன்னிக்கு சொல்லிடறேன்" என்று பேசிக்கொண்டே கிளை மாற்றினாள். நான் வாசலிலிருந்து பார்த்தேன். எனக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை. தள்ளுவண்டி வந்தது, போனது.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா வாசலுக்கு வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"மைக், மகாராணி இல்ல."

"நல்லாப் பாருங்க, இலைக்கு அடியில எங்கயாவது..."

"இல்ல. நான் எண்ணல. ஊதவும் இல்ல. பேசிக்கிட்டே தூக்கிப் போட்டுட்டேன்."

சொல்லி முடிப்பதற்குள் ஓட ஆரம்பித்துவிட்டாள். குச்சியக்கா ஓடி நான் பார்த்ததே இல்லை. டிக்கெட் கட்டை வரிசையில் முதலில் நின்ற அம்மாவின் கையில் திணித்துவிட்டு நானும் பின்னால் ஓடினேன்.

மான் கொட்டகையில் கொய்யாக் கிளைகளை அப்போதுதான் குவித்திருந்தார்கள். நாலைந்து மான்கள் குவியலைச் சுற்றி நின்று கடகடவென்று மென்றுகொண்டிருந்தன. வேலிக்கு வெளியே கூட்டம். அக்கா கதவைத் திறந்துகொண்டு நேராக உள்ளே போனாள். "ஏய், ஏய், யாரு அது? உள்ள போகக் கூடாது!" என்று மான்காரர் கத்தினார். அக்கா திரும்பினாள்.

"வாய மூடிட்டு உன் மான இழுத்துக் கட்டுய்யா!"

அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. மான்கள் தாமாகவே நாலடி பின்னால் போய்விட்டன. மான்காரர் வாயைப் பிளந்தபடி என்னைப் பார்த்தார். "என்னம்மா இது, புள்ளப்பூச்சிக்குக் கொடுக்கு மொளச்சிடுச்சு?" என்றார். அவர் சொன்னதைக் கேட்டுச் சிரிக்கிற நிலையில் நான் இல்லை.

அக்கா மண்டியிட்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு கிளையாக எடுத்தாள், முகத்துக்கு நேரே பிடித்தாள், ஊதினாள். வைத்தாள். அடுத்ததை எடுத்தாள். ஒரு வயதான பொம்பளை மானின் சாப்பாட்டை ஊதிக்கொண்டிருக்கிறாள் என்று வேலிக்கு வெளியே சிரிப்பு. ஒருவர் கைப்பேசியில் படம் பிடித்தார். நான் அவரிடம் போய் என் குரலின் முழு அளவையும் காட்டினேன், படம் நின்றது. திரும்பிப் பார்த்தால் அக்கா ஊதுவதை நிறுத்தியிருந்தாள். அவள் கையிலிருந்த கிளையில் ஒரே ஓர் இலை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

மகாராணிதான். உடம்பின் ஓரத்தில் ஒரு துண்டைக் காணோம். பின்னங்கால் ஒன்றும் போயிருந்தது. அதன் தலைக்கு மேலே இருந்த இலைகளையெல்லாம் மான் தின்று முடித்துவிட்டது, வெறும் காம்புகள்தான் நின்றன. அவ்வளவு நேரமும் அது இருந்த இடத்தை விட்டு ஓர் அங்குலம் நகரவில்லை. இப்போதும் இலையாக நடித்து ஆடிக்கொண்டிருந்தது.

அக்கா சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் அதைத் திட்ட ஆரம்பித்தாள்.

"ஓடித் தொலைய வேண்டியதுதானே? ஆறு கால் எதுக்கு வெச்சிருக்க? தின்னுட்டுப் போற வரைக்கும் அப்படியே உக்காந்திருப்பியா? மூளை இல்ல உனக்கு? இலையா நீ? இலையா?"

தேம்பித் தேம்பி அழுதாள். கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை இப்போது. நான் அவள் முதுகில் கை வைத்தேன், வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. முதுகெலும்பு அப்படியே கைக்குத் தட்டுப்பட்டது.

"கால் திரும்ப மொளைக்குமா அக்கா?" என்று கேட்டேன், அழுகையை நிறுத்த.

"குஞ்சா இருந்தா தோலுரிக்கும்போது மொளைக்கும். வளந்த பிறகு போனது போனதுதான்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மகாராணியைச் சட்டைக் கையில் ஏற்றிக்கொண்டு எழுந்தாள். முழங்காலில் மண், தலைமுடியில் கொய்யா இலை. அந்தக் கோலத்திலேயே நேராக சூப்பர்வைசர் அறைக்குள் போனாள். நான் கதவுக்கு வெளியே நின்றேன். நின்றேனா, காதை வைத்துக் கேட்டேனா என்பது இப்போது முக்கியமில்லை.

"அந்த அறை எனக்கு வேணும் சார்" என்றாள். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் அவளோடு நானும் அவள் வீட்டுக்குப் போனேன். "எதுக்கு நீ?" என்றாள். "தாகமா இருக்கு, உங்க வீட்டுல தண்ணி குடிக்க வரேன்" என்றேன். மூன்றாவது மாடி. நாங்கள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே மகள் குழந்தையைக் கொண்டுவந்து அக்கா கையில் போட்டாள். "அப்பாடா, வந்துட்டியா? காலையில இருந்து முதுகு ஒடிஞ்சுது" என்றாள். பையனின் குரல் ஓர் அறைக்குள்ளிருந்து வந்தது, "சித்தி, என் நீலச் சட்டை எங்க?" அத்தான் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார்.

தண்ணீர் குடிக்கிற சாக்கில் நான் வீட்டைக் கண்ணால் அளந்தேன். அத்தானுக்கு ஓர் அறை. மகளுக்கும் மருமகனுக்கும் ஓர் அறை. பையனுக்கு ஓர் அறை. கூடத்திலிருந்து குளியலறைக்குப் போகிற வழியில், குளிர்சாதனப் பெட்டிக்கும் சுவருக்கும் இடையில் ஒரு மடக்குக் கட்டில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. இஸ்திரி போட வேண்டிய துணிகள் அதன்மேல். எல்லோரும் படுத்த பிறகு அதை விரிப்பாள், எல்லோரும் எழுவதற்கு முன்னால் மடிப்பாள். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. பார்த்தாலே தெரிந்தது.

"நான் வேலைய விடல" என்றாள் அக்கா. குழந்தையைத் தோளில் தட்டிக்கொண்டே சொன்னாள்.

யாரும் திரும்பவில்லை.

"வேலைய விடல. அங்கயே எனக்கு ரூம் குடுத்திருக்காங்க. ஞாயித்துக்கிழமை போறேன்."

மகள் சிரித்தாள். "என்ன சித்தி, ஜோக்கா?" பிறகு சித்தியின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. "அப்பா, சித்தி என்னமோ சொல்றா பாருங்க."

அத்தான் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். கோபமெல்லாம் இல்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். "தனியா ரூம் எதுக்கு? இது உன் வீடு மாதிரிதானே?"

"இதுல என் ரூம் எது அத்தான்?"

பையன் சட்டையைத் தேடி அப்போதுதான் வெளியே வந்தான். நாலு பேரும் அங்கே இருந்தார்கள், மருமகன் உட்பட. நாலு பேரின் கண்ணும் வீட்டைச் சுற்றின. ஒரு கதவு, இன்னொரு கதவு, மூன்றாவது கதவு, பிறகு சுவர். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று எங்கே, எங்கே என்று தேடுகிறவர்கள் எப்படி விழிப்பார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும், அதே முழிதான். கடைசியில் பையன்தான் குளிர்சாதனப் பெட்டிப் பக்கம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அத்தான் தொண்டையைச் செருமினார்.

"வேணும்னா இந்தக் கூடத்தையே நீ எடுத்துக்கோயேன்."

"எல்லாரும் இது வழியாத்தானே பாத்ரூம் போவீங்க?"

மகள் அழ ஆரம்பித்தாள். நாடகம் இல்லை, நிஜ அழுகை. "எங்கள வளர்த்தியே சித்தி. அம்மா முகம்கூட எனக்கு ஞாபகம் இல்ல, உன் முகம்தான் ஞாபகம். இவள மட்டும் விட்டுட்டுப் போயிடுவியா?" குழந்தை அக்காவின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டிருந்தது. அக்கா அப்படியே நின்றுவிட்டாள். மூச்சு விடுகிறாளா என்றுகூடத் தெரியவில்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். கத்துவதற்கு வாயைத் திறந்தேன்.

"மைக், சும்மா இரு" என்றாள்.

குழந்தையின் பிடியிலிருந்து விரலை மெல்ல விடுவித்தாள். இரண்டடி நடந்து போய் அத்தான் மடியில் குழந்தையை வைத்தாள். அந்த மனிதர் தன் பிள்ளைகளைக்கூட அந்த வயதில் தூக்கியிருக்கமாட்டார், கை இரண்டும் அந்தரத்தில் நின்றன. "தலைய ஏந்திப் பிடிச்சுக்கோங்க" என்றாள். "அழுதா தோள்ல போட்டுக்கோங்க. சாயங்கால நேரத்துல நான் வந்து பாத்துட்டுப் போவேன். இவளப் பாக்கத்தான் வருவேன், சமைக்க வரமாட்டேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் குடிவந்துவிட்டாள். நான் அன்று ஊரில் இல்லை. அடுத்த வாரம்தான் அறையைப் பார்க்கப் போனேன். போகிற வழியெல்லாம் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கிளிக்கூண்டுக்காரரைக் கூப்பிட்டு, "திரைத்துணி மிச்சம் இருந்தா சொல்லுங்க" என்று வேறு சீண்டிவிட்டுப் போனேன்.

கதவு திறந்துதான் இருந்தது. நல்ல வெளிச்சமான அறை. இரண்டு ஜன்னலிலிருந்தும் காற்று வந்தது. அந்த அறைக்கு அலுவலகத்தில் கொடுத்திருந்த இரும்புக் கட்டில் சுவரோடு சுவராக, மூலையில் நெருக்கி ஒட்டப்பட்டிருந்தது. துணிப்பெட்டி கட்டிலுக்கு அடியில். ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஜன்னல் திண்டின் ஓரத்தில். மீதி அறை முழுவதும் காலி. வாசலிலிருந்து குளியலறைக் கதவு வரை துடைத்துவிட்ட மாதிரி வெறுந்தரை. அக்கா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன அக்கா, எல்லாத்தையும் ஒரு மூலையில போட்டு வெச்சிருக்கீங்க? கட்டில ஜன்னல் பக்கம் நடுவுல போட்டா காத்து வருமே."

"நடுவுல போட்டா எப்படி? போறதுக்கு வழி வேணாமா?"

"யாரு போறதுக்கு?"

வாசலைப் பார்த்தாள். குளியலறைக் கதவைப் பார்த்தாள். அந்த வீட்டை விட்டு அவள் வந்துவிட்டாள், அந்த வீடு இன்னும் அவளை விட்டுப் போகவில்லை. எனக்கு அழுகை வந்தால் கோபமாகத்தான் வரும். "எழுந்திருங்க" என்று அதட்டினேன். "அந்தப் பக்கம் பிடிங்க."

இரும்புக் கட்டில் கனமானது. தரையில் கிறீச்சென்று அது போட்ட சத்தத்துக்கு அக்கா ஒவ்வொரு முறையும் கையை விட்டுவிட்டு, யாராவது எழுந்துவிடப் போகிறார்கள் என்பதுபோல் கதவைப் பார்த்தாள். பாதி தூரம் வந்ததும் பிடியை விட்டாள்.

"போதும் மைக்."

"இன்னும் பாதி இருக்கே."

"இருக்கட்டும். இதுக்கே மனசு அடிச்சுக்குது."

அப்படியே கோணலாக, குளியலறைக்குப் போகிற வழியை மறித்துக்கொண்டு கட்டில் நின்றது. அவள் அதில் உட்கார்ந்தாள். கையில் ஒட்டிய துருவைக் கழுவ நான் குளியலறைப் பக்கம் நடந்தேன். நான் வருவதைப் பார்த்ததும் அவள் சட்டென்று பாதி எழுந்துவிட்டாள், வழிவிட.

"உக்காருங்க" என்றேன்.

இரண்டு கையாலும் கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் சுற்றிக்கொண்டு போனேன்.